வார்டின் கோடி வரை

சாரம் பகுதியில் வேம்புவின் இட்லிக் கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. வீட்டு வாசலை ஒட்டித் தகரக் கூரை போட்ட ஒரு சாய்ப்பு, அதற்குள் இரண்டு மண் அடுப்பு, தெருப் பக்கம் ஒரு பெஞ்சு, அவ்வளவுதான். கணவர் இராமதாஸ் வேலை பார்த்த மில்லை மூடிய வருஷம் அவள் அதை ஆரம்பித்தாள். அவர் பிறகு தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறைக்கு வாட்ச்மேனாகப் போனார். ஆனாலும் மகளைப் படிக்கவைத்ததும் கட்டிக்கொடுத்ததும் இட்லிதான். விடியுமுன் பற்றவைத்த சவுக்கு விறகு வெயில் ஏறும் வரை எரியும். மழைக்காலத்தில் ஈர விறகு எரியாமல் புகையும். அப்போது தெருவில் நிற்பவர்களுக்கு அவள் முகம் தெரியாது. புகைக்குள்ளிருந்து தட்டை நீட்டும் கை மட்டும் தெரியும்.

இருமல் அவளுக்கு வெகுநாளாக இருந்தது. அதை அவள் ஒரு நோயாக எண்ணவில்லை. மாவுக் குண்டானைத் தூக்கும்போது மூச்சு வாங்கியது. பிறகு சேலை கட்டும்போதே வாங்கியது. ஓர் ஐப்பசி மழையில் காய்ச்சலும் சளியும் சேர்ந்துகொள்ள, ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் நின்று மூச்சிழுக்க வேண்டிய நிலை வந்தது. இராமதாஸ் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

"பீடி, சிகரெட்டுப் பழக்கம் உண்டா?" என்று டாக்டர் கேட்டார்.

அந்த நிலையிலும் வேம்புவுக்குக் கோபம் வந்தது. கணவரைக் கைகாட்டினாள்.

"நான்தான் சார் குடிப்பேன்" என்றார் இராமதாஸ். "அவ தொட்டதே கெடையாது."

விறகுப் புகையும் வருஷக்கணக்கில் உள்ளே போனால் நுரையீரலை அப்படித்தான் கெடுக்கும் என்றும், இனி முழுசாகச் சரியாகாது, கட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம் என்றும் டாக்டர் விளக்கினார். அன்றிலிருந்து பார்க்க வந்தவர்களிடமெல்லாம் இராமதாஸ் ஒரே பேச்சைத்தான் பேசினார்: "குடிச்சவன் நான் நடமாடிக்கிட்டு இருக்கேன். இவ படுத்துக் கெடக்குறா."

அந்தக் குற்ற உணர்ச்சியில் அவர் அவளை அசையவே விடவில்லை. கஞ்சியை ஊட்டிவிட்டார். தலையணையைச் சரிசெய்தார். திரும்பிப் படுக்கவும் தாங்கிப் பிடித்தார். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு அவள் கூரையைப் பார்த்துக் கிடந்தாள். மூக்கில் குழாய் வைத்துவிட்டால் கணக்கு முடிந்தது என்று அவளுக்கு ஒரு நினைப்பு. அவள் மாமனாருக்கு அப்படித்தான் நடந்தது.

பிசியோதெரபி பார்க்கும் செந்தமிழ்ச்செல்வி வந்தபோது இருவருக்குமே பிடிக்கவில்லை. நாற்பது வயதிருக்கும் அந்த அம்மாளை வார்டில் செல்வி என்றுதான் கூப்பிட்டார்கள்.

"எழுந்து கட்டில் ஓரமா உக்காருங்கம்மா."

"மூச்சு விட முடியாம கெடக்குறா. அவளப் போயி எழுப்புறீங்களே" என்றார் இராமதாஸ்.

"படுத்தே இருந்தா சளி உள்ளயே தங்கிடுங்க ஐயா. காலும் வலுவில்லாமப் பூடும்."

வேம்பு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். செல்வி வற்புறுத்தவில்லை. முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டாள். சளி கெட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து ஸ்டூலில் தண்ணீர் பாட்டில் மூடி திறக்காமல் அப்படியே இருந்ததையும் பார்த்தாள். வெந்நீர் வாங்கிவரும்படி இராமதாஸை அனுப்பிவிட்டுக் குனிந்து கேட்டாள்.

"தண்ணி ஏன் குடிக்கிறதில்ல?"

வேம்பு தலையைத் திருப்பி, கணவர் போய்விட்டாரா என்று பார்த்தாள். பேச்சு துண்டுதுண்டாக வந்தது. "குடிச்சா... போவணும். கட்டில்லயே... அந்தத் தட்டுல... எதிர்ல ஆம்பளைங்க வந்து நிக்குறாங்க. என்னால முடியாது."

சேர்ந்த நாள்முதல் அவள் தொண்டை நனையும் அளவுக்கு மட்டுமே குடித்திருக்கிறாள். இருட்டிலேயே எழுந்து குளித்துவிட்டு அடுப்படிக்குப் போய்ப் பழகியவள் அவள். செல்வி வார்டின் கோடியைப் பார்த்தாள். கழிப்பறை அங்கேதான் இருந்தது.

"அது எவ்ளோ தூரம்னு தோணுது?"

"காசி."

"அந்தக் காசிக்கு நீங்க நடந்து போவணும். நான் சொல்லிக் குடுக்குறது எல்லாம் அதுக்குத்தான். அதுவரைக்கும் சக்கர நாற்காலியில நானோ சிஸ்டரோ கூட்டிட்டுப் போறோம், தட்டு வேணாம். ஆனா நீங்க தண்ணி குடிக்கணும்."

வேம்பு கையை நீட்டினாள். செல்வி பாட்டிலைத் திறந்து கொடுத்தாள்.

மறுநாள் காலையில் வேம்பு கட்டில் ஓரம் உட்கார்ந்தாள். மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து மெல்ல விடச் சொன்னாள் செல்வி.

"ஊதாங்குழல்ல ஊதுற மாதிரியா?"

"அதேதான். ஆனா தீ குப்புனு பிடிச்சிடக் கூடாது. அவ்ளோ மெதுவா."

பிறகு வாயைத் திறந்து, கண்ணாடியில் ஆவி படியவைப்பதுபோல ஹா என்று விட வேண்டும். பலமுறை செய்தபின் உள்ளே எதுவோ நகர்ந்தது. பச்சையாக, பிசினாகச் சளி வந்து விழுந்தது. கிண்ணத்தைப் பிடித்திருந்த இராமதாஸ் அதைப் பார்த்துவிட்டு, "இதெல்லாமா உள்ள இருந்துச்சி!" என்றார்.

காய்ச்சல் இறங்கியபின் நடை ஆரம்பமானது. சக்கரம் வைத்த சிலிண்டரைச் செல்வி தள்ளிக்கொண்டு வர, வேம்பு வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பாதி தூரத்தில் மூச்சு நின்றுவிட்டது போலிருந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. வார்டு முழுக்கத் தன்னைப் பார்ப்பதாகத் தோன்றியது. செத்துப்போகப் போகிறோம் என்றே நினைத்தாள்.

"நாற்காலி கொண்டாங்க! கொல்லப் பாக்குறீங்களா?" என்று இராமதாஸ் கத்தினார்.

செல்வி அவள் விரலில் மாட்டியிருந்த ஆக்சிஜன் அளவு காட்டும் கருவியை ஒரு பார்வை பார்த்தாள். அவளை ஜன்னல் திட்டில் முழங்கை ஊன்றிக் குனிய வைத்து, முதுகில் கை வைத்தாள். "ஊதுங்க. அவசரமில்ல. இன்னொரு தடவ."

வேம்பு ஊதினாள். ஜன்னலுக்குக் கீழே யாரோ பைக்கை மிதித்துக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்புவதற்குள் அவள் மூச்சு திரும்பிவிட்டது. ஊசி போடவில்லை, படுக்கையில் கிடத்தவில்லை. போன மூச்சு தானாக வந்தது. அவளுக்கு அழுகை வந்தது. ஆனால் அழுதால் மறுபடி மூச்சு வாங்கும் என்று அடக்கிக்கொண்டாள்.

இராமதாஸ் டாக்டரிடம் போய்ச் சண்டை போட்டார். நான்தான் நடக்கவைக்கச் சொன்னேன் என்றார் டாக்டர். இராமதாஸ் வெளியே போய் ஒரு பீடி குடித்துவிட்டுத் திரும்பினார்.

"யோவ், கிட்ட வராத. வாடை அடிக்குது" என்றாள் வேம்பு. "நாளைக்கு நான் நடக்கறப்ப வாயத் தெறக்காம வா."

அதற்குப் பின் அவர் எங்காவது ஒளிந்து குடித்தாரோ என்னவோ, அவளுக்கு வாடை தெரியவில்லை.

ஒவ்வொரு நாளும் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றாள். ஒருநாள் நின்ற இடம் கழிப்பறைக் கதவு. செல்வி தாழ்ப்பாள் போடாதீர்கள் என்று சொல்லி முடிப்பதற்குள் உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. வெளியே இருவரும் காத்திருந்தார்கள். வேம்பு முகம் கழுவி, ஈரக் கையால் தலையைக் கோதிக்கொண்டு வந்தாள். "கண்ணாடி ஒண்ணு மாட்டக் கூடாதா இங்க?" என்று கேட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் மண் அடுப்பை இடித்துவிட்டு கேஸ் வாங்கினார்கள். வாட்ச்மேன் வேலையை விட்டுவிட்டு இராமதாஸ் மாவுக் குண்டானைத் தூக்கினார். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து ஊற்றினாள். காலையும் மாலையும் இன்ஹேலரில் மருந்தை உறிஞ்சினாள், செல்வி சொன்னபடி மூச்சுப் பயிற்சி செய்தாள். நோய் போய்விடவில்லை. அடுத்த மழைக்கும் ஆஸ்பத்திரியில் படுத்தாள். ஆனால் இந்தத் தடவை செல்வி வருவதற்கு முன்பே கட்டில் ஓரம் எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

மகள் முத்தியால்பேட்டையில் மாடி வீட்டில் குடியிருந்தாள். அந்தப் படிக்குப் பயந்து வேம்பு வெகுநாளாக அங்கே போனதில்லை. பொங்கலுக்கு மறுநாள் போனாள். கைப்பிடியைப் பிடித்து ஏறி, மூச்சு வாங்கியபோதெல்லாம் நின்று உதட்டைக் குவித்து ஊதினாள். கீழ்வீட்டுப் பெண்மணி கதவைத் திறந்து பார்த்தாள்.

"முடியலயாம்மா?"

"முடியுது" என்றாள் வேம்பு. "நின்னு நின்னு முடியுது."