துடுப்பின் அடியில் வைத்த புள்ளி

காவிரி மீன்களின் உடல் வடிவத்தை அளப்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. மீனின் படத்தைக் கணினியில் பெரிதாக்கி, வாய் நுனி, துடுப்பின் அடி, வால் என்று புள்ளிகள் வைக்க வேண்டும்.

உதவிக்கு மாரண்டஹள்ளியிலிருந்து சரசு வந்தார். விலங்கியல் படித்தவர். பிள்ளைகள் வளர்ந்த பிறகு கிடைத்த முதல் வேலை. சோதித்துப் பார்க்க, நான் ஆரம்பத்தில் அளந்த மீன்களையே கொடுத்தேன். அவருடைய துடுப்புப் புள்ளிகள் என்னுடையவற்றோடு ஒத்துப்போகவில்லை.

"மூணு தடவ பாத்துத்தாங்க மேடம் வெச்சேன்" என்றார்.

புதியவர், கை தவறியிருக்கும் என்று நினைத்தேன். மறுநாளே அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டேன்.

ஒரு வருடம் கழித்து அதே படங்களை நானே மறுபடி அளந்தேன். இப்போது கை பழகியிருந்தது. புள்ளிகள் சரசு வைத்த இடத்திலேயே விழுந்தன. முதலில் அளந்தபோது நானும் புதியவள்தான் என்பதை மறந்தே போயிருந்தேன்.

மாரண்டஹள்ளிக்கு பஸ் ஏறிப் போய்ச் சரசுவிடம் சொன்னேன். மண்டியில் தக்காளி தரம் பிரித்துக்கொண்டிருந்தவர் முந்தானையில் கையைத் துடைத்தார்.

"எனக்குத்தான் கண்ணுல கோளாறுன்னு நெனச்சுட்டேங்க. அதுக்கப்புறம் எந்த வேலைக்கும் எழுதிப் போடலைங்க."

ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் அவர் பெயர் இருக்கிறது. தவறாக அளந்தவளின் பெயர் அட்டையில் இருக்கிறது.