கடைசிப் பாட்டுக்குத் தூக்கிய கைகள்

எனக்கு அந்தப் பையன்களின் பாட்டு பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் என்னை ரசிகன் என்று நினைத்து ஏமாற வேண்டாம். மாதுங்காவில் பிறந்து, கச்சேரிகளில் அப்பா மடியில் தூங்கி வளர்ந்தவன் நான். கிடாரைக் கட்டிக்கொண்டு தமிழில் கத்துவதெல்லாம் பாட்டு என்றால், லோக்கல் ரயிலில் சீப்பு விற்கிறவனும் பாகவதர்தான். இதை என் மனைவியிடம் ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். "உங்களுக்கு வயசாயிடுத்து, அதான்" என்பாள். எனக்கும் அவளுக்கும் மூன்றே வயதுதான் வித்தியாசம்.

அவளுக்கு அந்தப் பித்து பிடித்தது ரயிலில். செம்பூரிலிருந்து கோட்டைப் பகுதியில் இருந்த ஆபீசுக்கு லேடீஸ் டப்பாவில் போய்வந்துகொண்டிருந்தாள். சுன்னாபட்டியில் ஏறும் தாராவிப் பெண் ஒருத்தி, தன் காதில் இருந்த இயர்போனில் ஒன்றைக் கழற்றி இவள் காதில் சொருகியிருக்கிறாள். அவ்வளவுதான். ஐம்பது வயதுக்கு மேல், தோசைக்கு மாவு கரைக்கும்போதுகூட அந்தக் குழுவின் பாட்டு. நான் ஹாலில் டி.வி. சத்தத்தைக் கூட்டுவேன். அவள் சமையலறையில் குரலைக் கூட்டுவாள். கீழ்வீட்டு மராட்டிக்காரர் ஒருநாள் மாடியேறி வந்து, எங்களுக்குள் ஏதாவது சண்டையா என்று கவலையாக விசாரித்துவிட்டுப் போனார்.

பிறகு அந்தப் பையன்கள் பிரியப்போவதாக அறிவித்தார்கள். ஊர் ஊராக ஒரு கடைசிச் சுற்று, அதோடு சரி. செய்தி வந்த அன்று அவள் சாப்பிடவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் மும்பைக் கச்சேரிக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். தனியாகப் போக அவளுக்குப் பயமெல்லாம் இல்லை. பை பிடிக்க ஆள் வேண்டும்.

அந்த ரசிகர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. யாரும் போனில் படம் பிடிக்கக் கூடாது என்று குழு கேட்டுக்கொண்டதால் வாசலிலேயே போன்களை உறையில் போட்டு மூடிவிடுவார்கள். 'பார், எங்கள் கையில் ஒன்றுமில்லை' என்று காட்டுவதற்காக, கடைசிப் பாட்டு முழுக்க இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். ஒரு கையை மட்டும் தூக்கினால் அவமரியாதையாம். அப்புறம் பையை யார் பிடிப்பது? கூட வந்த தண்டம்தான். வரிசைக்கு ஒருவராவது என்னைப் போல, புருஷனோ அண்ணனோ, மூட்டை தூக்கிக்கொண்டு நின்றோம்.

அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் அவள் போய்விட்டாள். வியாதியைப் பற்றி எழுதப் போவதில்லை. அதைப் பேசிப் பேசி அலுத்துவிட்டது.

போன மாதம் பெங்களூரிலிருந்து மகள் போன் செய்தாள். அந்தக் கடைசிச் சுற்றைப் படமாக எடுத்திருக்கிறார்கள், தியேட்டரில் சில நாள்தான் ஓடும் என்றாள். எனக்கென்ன வந்தது என்றேன். "மும்பைக் கச்சேரியும் இருக்காம்ப்பா. கூட்டத்தைக் காட்டறச்சே அம்மா வந்தாலும் வருவா" என்றாள்.

அதற்கப்புறம் எனக்கு வேறு வேலை ஓடவில்லை. வீட்டில் அவள் படத்துக்குக் குறைச்சல் கிடையாது. கல்யாணப் படம், மகள் கல்யாணப் படம், ஆபீசில் விடைகொடுத்த படம். எல்லாம் யாரோ சிரிக்கச் சொல்லி இவள் சிரித்த முகம். யாரும் சொல்லாமல், தன்னை மறந்து அவள் சந்தோஷமாக இருந்தது அந்த ஒரு சாயங்காலம். அந்த முகத்தை நான் பார்க்கவில்லை. கூட்டம் கலைந்தால் ஆட்டோ கிடைக்காதே என்று கேட் இருக்கும் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். போன் எல்லாம் உறைக்குள் கிடந்ததால் யாரிடமும் படமும் இல்லை. இனி அந்த முகம் எங்கேயாவது இருக்கிறது என்றால் இந்தப் படத்தில்தான். ஒரு நொடி போதும், ஒரே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது.

குர்லாவில் மாலில் இருக்கும் தியேட்டருக்குப் போனேன். கவுன்டரில் இருந்த பெண் "ஏக் ஹி, அங்கிள்?" என்று கேட்டாள். ஆமாம் தாயே, ஒன்றுதான். அதைக் கண்ணாடிக்கு உள்ளேயிருந்து மைக்கில் வேறு கேட்க வேண்டுமா?

உள்ளே எல்லாம் கறுப்பு டீ ஷர்ட் போட்ட பிள்ளைகள். என் பக்கத்தில் ஒரு கல்லூரிப் பெண், அவளுக்கு அந்தப் பக்கம் அவள் சிநேகிதிகள். இந்தியும் தமிழும் கலந்து ஓயாமல் பேசினார்கள். படத்தின் பெயர் திரையில் தமிழில் வந்தபோது ஒருத்தி எழுத்துக்கூட்டிப் படித்தாள், மற்றவர்கள் கேலி செய்தார்கள். அப்புறம் முதல் பாட்டு தொடங்கியதும் எல்லாரும் ஒன்றாக அழ ஆரம்பித்துவிட்டார்கள். பெற்றவர்கள் செத்தால்கூட இப்படி அழுவார்களா என்று நினைத்துக்கொண்டேன். என் வாய்க்கொழுப்பு மனசுக்குள்ளும் உண்டு.

படத்தில் பையன்கள் சண்டை போட்டார்கள், சமாதானமானார்கள், வேனில் தூங்கினார்கள். நான் அவர்களைப் பார்க்கவில்லை, கூட்டத்தைக் காட்டும்போதெல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நடுவில் பாடுகிற பையன் ஒன்று சொன்னான். கச்சேரி முடிந்து ஓட்டல் அறைக்கு வந்து கதவைச் சாத்தினால், டீப்பாயில் வைக்கிற சாவியின் சத்தம் பெரிசாகக் கேட்கிறதாம். எனக்குச் சுருக்கென்றது. என் வீட்டிலும் சாவிக்கு அப்படி ஒரு சத்தம் வந்திருக்கிறது. அந்தப் பயலை அப்போதுதான் முதல் தடவையாக எனக்குப் பிடித்தது.

மதுரை வந்தது, கோவை வந்தது. அப்புறம் எங்கள் ஊர். மைதானம், விசில் அடிக்கும் தாராவிப் பையன்கள், சாயங்கால வெளிச்சம். கடைசிப் பாட்டு. திரையில் கைகள் எழும்பின. தியேட்டரிலும் அத்தனை பேரும் கையைத் தூக்கிவிட்டார்கள். முன்வரிசைக் கைகள் எனக்குத் திரையை மறைத்தன. நான் எழுந்து நின்றேன்.

கேமரா கூட்டத்தின் மேல் மெல்ல நகர்ந்து வந்தது. கைகள், கைகள், கைகள். ஒரு முகம் தெரியவில்லை. ஒவ்வொரு முகத்தின் முன்னாலும் இன்னொருவரின் கை. இது எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டாமோ? அங்கேயே நின்றவன்தானே நான்? என்ன அறிவு கெட்ட வழக்கம்!

திடீரென்று தியேட்டரே கொல்லென்று சிரித்தது. அத்தனை கைகளுக்கு நடுவில் ஒரு பள்ளம். பள்ளத்தில் ஒரு ஆள். ஒரு தோளில் ஆபீஸ் பை, கழுத்தில் பெண்கள் மாட்டும் சிவப்புக் கைப்பை, விளக்கெண்ணெய் குடித்த மூஞ்சி. எங்கேயோ பக்கவாட்டில் பார்த்துக்கொண்டு நிற்கிறான். நான்தான்.

திரையில் எனக்குப் பக்கத்தில் அவள் கைகள் இரண்டும் உயர்ந்திருந்தன. மெலிந்த மணிக்கட்டு, ஒரு கையில் வாட்ச், இன்னொன்றில் இரண்டு வளை. கைக்குக் கீழே முகம் இருக்க வேண்டிய இடத்தில், முன்னால் நின்ற எவனோ ஒருவனின் உள்ளங்கை.

"கையை எடுடா" என்றேன். வாய்விட்டே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பின்னாலிருந்து யாரோ "பைட்டியே அங்கிள்" என்று உட்காரச் சொன்னார்கள். அவன் எடுக்கவில்லை. கேமரா தாண்டிப் போய்விட்டது.

நான் உட்கார்ந்தேன். பக்கத்துப் பெண் என்னை உற்றுப் பார்த்துவிட்டு என் பக்கம் சாய்ந்தாள். "அங்கிள், அது நீங்கதான? அந்த பேக் அங்கிள்?" அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சிநேகிதிகளைக் கூப்பிட்டுக் காட்டினாள். எல்லாரும் எட்டிப் பார்த்துக் கும்பிடாத குறையாகச் சிரித்தார்கள்.

"பக்கத்துல நின்னது என் ஆத்துக்காரி" என்றேன்.

"எங்க அங்கிள்? நான் பாக்கலையே."

"கை தெரிஞ்சுதே. என் பக்கத்துல."

"எந்தக் கை அங்கிள்?"

அவள் திரையைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே வேறு ஊர் வந்துவிட்டிருந்தது. அங்கேயும் ஆயிரம் கைகள். இனி எதை யாருக்குக் காட்டுவேன்? எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலும் அழவில்லை, சுடுகாட்டிலும் அழவில்லை, குர்லாவில் முன்பின் தெரியாத பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்து விம்மி விம்மி அழுதேன். திரையில் அந்தப் பையன்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

அந்தப் பெண் உயர்த்தியிருந்த கையை இறக்கி என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அவள் முகமும் நனைந்திருந்தது.

"எங்களுக்கும் இப்டித்தான் இருக்கு அங்கிள்" என்றாள். "இனிமே அவங்க சேர்ந்து பாடவே மாட்டாங்கல்ல?"

"ஆமாம்மா. இனிமே இல்லே" என்றேன்.