பாட்டையே காவல் வைத்தேன்

எழுபதுகளில் நான் தூத்துக்குடியிலிருந்து கரையோர ஊர்களுக்கு மோட்டார் சைக்கிளில் போய் வலை நூல் விற்றுக்கொண்டிருந்தேன். பெட்ரோல் டேங்கின் மேல் ஒரு டிரான்சிஸ்டரை சைக்கிள் டியூப்பால் இழுத்துக் கட்டியிருந்தேன். கடலுக்கு அந்தப் பக்கத்து ஸ்டேஷன், எங்கள் கரையில் அடுத்த வீட்டுச் சத்தம்போலத் துல்லியமாகக் கேட்கும்.

வண்டியை நிறுத்தினாலே திருட்டுப் பயம். ஒவ்வொரு இடத்திலும் ரேடியோவை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனால் வியாபாரம் எப்படிப் பேசுவது? அந்த எரிச்சலில் ஒரு யோசனை வந்தது. டீக்கடை வாசலில் வண்டியை விட்டுவிட்டு, பாட்டை அணைக்காமலே போய்விடுவேன். கேட்க நாலு பேர் கூடிவிடுவார்கள். அத்தனை பேர் கண்ணெதிரே எவன் கை வைப்பான்? என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

தருவைகுளத்தில் ஒருநாள் வியாபாரம் இழுத்துவிட்டது. திரும்பி வந்தால், வண்டியை விட்டபோது இருந்தவர்களில் ஒருவர்கூட இல்லை. அப்போதுதான் கரையேறியவர்கள் இடுப்பில் நனைந்த சாரத்தோடு வண்டியைச் சுற்றி நின்று பாட்டில் சொக்கிப்போயிருந்தார்கள். பேட்டரி வீணாகிறதே என்று குமிழைத் திருகினேன். பாட்டு நின்றது. கூட்டத்தில் மூத்தவர் ஒருவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"யாருலே நீ? ரேடியோவுல எதுக்குக் கை வைக்க?"

"இது என் ரேடியோதான், அண்ணாச்சி" என்று வண்டிச் சாவியை எடுத்துக் காட்டினேன். பிடி தளரவில்லை.

"சாவி கெடக்கட்டும். ஒன் ரேடியோவா இருந்தா, பாதிப் பாட்டுல அணைக்க ஒனக்கு எப்படிலே மனசு வரும்?"