காரணம் சொல்லாத ஐந்து நாட்கள்

பதுளைக் கடைவீதியில் அரிசி, மாவு, வெங்காயம் மொத்தமாக விற்கும் ஒரு கடை இருக்கிறது. அங்கே லொறி ஓட்டும் வேலை கேட்டு நான் போய் நின்றபோது எனக்கு இராணுவத்தில் இன்னும் மூன்று மாதச் சேவை பாக்கி இருந்தது. பன்னிரண்டு வருடம் முடியப் போகிறது. விரும்பினால் நீடித்துக்கொள்ளலாம், வேண்டாமென்றால் வீட்டுக்குப் போகலாம். மகளுக்கு ஏழு வயதாகிவிட்டது. லீவில் வரும்போதெல்லாம் முதல் நாள் அவள் என்னைக் கதவுக்குப் பின்னாலிருந்துதான் பார்ப்பாள். அதனால் வீட்டுக்குப் போவதென்று முடிவு செய்திருந்தேன்.

கடையின் பழைய டிரைவர் மூன்று மாதத்தில் கட்டாருக்குப் போகவிருந்தார். பசறை, லுணுகலைப் பக்கத்துத் தோட்டக் கடைகளுக்கு வாரத்தில் நான்கு நாள் சாமான் கொண்டுபோகும் வேலை. எங்கள் லயம், அதாவது தோட்டத்து வரிசை வீடு, லுணுகலைக்கு மேலே. லொறி ஒவ்வொரு தடவையும் என் வீட்டுக்குக் கீழே உள்ள ரோட்டில்தான் போய் வரும். எனக்கு இதைவிடப் பொருத்தமான வேலை எங்கே கிடைக்கும்?

முதலாளிக்கு அறுபது வயதிருக்கும். என் இராணுவ அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

“தம்பி தமிழ் ஆள்தானே?”

“ஆமாங்க முதலாளி.”

“ஆர்மில நம்ம ஆளுங்க இருக்காங்களா?”

“கொஞ்சப் பேர் இருக்கோங்க.”

அட்டையைத் திருப்பித் தந்துவிட்டு, கோபித்துக்கொள்ளக் கூடாது என்று சொல்லித்தான் ஆரம்பித்தார். “ரெண்டு வருசத்துக்கு முன்ன ஒருத்தன் வந்தான். இதே மாதிரி அட்டை. ஆர்மில முடிச்சிட்டு வந்துட்டேன்னான், சேத்துக்கிட்டேன். ஆறு மாசத்துல பொலிஸ் வந்து கடை வாசல்ல நிக்குது. ஓடி வந்த ஆளாம். தெரிஞ்சே வெச்சிருந்தியான்னு என்னைய ஸ்டேசனுக்கு அலைய விட்டாங்க.”

“நான் அப்படி இல்லைங்க.”

“அவனும் அதைத்தான் சொன்னான். கேம்ப்லருந்து ஒரு லெட்டர் கொண்டாங்க. இப்பவும் சேவையில இருக்கீங்க, இன்ன மாசம் முடிக்கிறீங்க, இன்ன வண்டி ஓட்டுனீங்கன்னு இருக்கணும். ஒரு நாள்கூட சொல்லாம கொள்ளாம வேலைக்கு வராம நின்னது இல்லன்னும் அதுல இருக்கணும். மாசக் கடைசிக்குள்ள கொண்டாங்க. பிந்துச்சுன்னா நான் வேற ஆள் பாத்துருவேன்.”

சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். பஸ் நிலையம் வரை நடப்பதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. நான் சொல்லாமல் கொள்ளாமல் நின்றிருந்தேன். ஐந்து நாட்கள்.

மகள் பிறந்த வருடம் அது. பத்து நாள் லீவில் வந்திருந்தேன். திரும்பிப் போவதற்கு முந்தின நாள் பிடித்த மழை விடவேயில்லை. காலையில் எழுந்தால் பசறைப் பக்கம் ரோட்டில் மண் சரிந்து கிடக்கிறது என்றார்கள். கரண்ட் இல்லை. போனில் சார்ஜ் இல்லை, இருந்தவர்களுக்கும் சிக்னல் இல்லை. நான் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஐந்து நாள் பிந்தியிருந்தது.

அதிகாரி முன்னால் நிறுத்தினார்கள். ஏன் வரவில்லை என்று அவர் கேட்டார். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை கேட்டார். நான் இரண்டு தடவையும் தலையைக் குனிந்துகொண்டு “தப்புதான் சேர்” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று வெளியாருக்குப் புரிய வைப்பது கஷ்டம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு நான் தோட்டத்தில் பேர் பதிந்தவன். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் பிந்திப் போனால் கங்காணி ஏன் என்று கேட்பார். பிள்ளைக்குக் காய்ச்சல், தண்ணீர் வரவில்லை என்று காரணம் சொல்கிறவர்களுக்கு அரைப் பேர்தான் விழும், அதாவது பாதி நாள் சம்பளம். எதிர்த்துப் பேசினாய் என்று ஏச்சும் விழும். “தப்புதாங்க” என்று தலையைத் தொங்கப் போடுகிறவனைப் போய்த் தொலை என்று மலைக்கு அனுப்பிவிடுவார்கள். நான் அதைத்தான் படித்திருந்தேன். காரணம் கேட்கிறவர் உண்மையிலேயே காரணம் கேட்கிறார் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

பதினான்கு நாள் முகாமை விட்டு வெளியே போக முடியாது, ஐந்து நாள் சம்பளம் இல்லை என்று தீர்ப்பானது. அவ்வளவோடு விட்டார்களே என்று அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது.

இப்போது அந்த நிம்மதிக்கு வட்டி கட்டும் நேரம் வந்திருந்தது. முகாமுக்குத் திரும்பியும் பத்து நாள் நான் யாரிடமும் கடிதம் கேட்கவில்லை. கேட்டால், இன்னும் இருக்கும்போதே வெளியே வேலை தேடுகிறான் என்று நினைப்பார்களோ. கடைசி மாதங்களில் எங்காவது தூரத்துக்கு மாற்றிவிடுவார்களோ. வண்டியின் கீழே படுத்துக்கொண்டு நட்டு முறுக்கும்போதும் இதே நினைப்பு. ஒரு நாள் கழற்றிய சக்கரத்தைத் திரும்பப் பூட்டிவிட்டு, பூட்டினேனா என்று மூன்று தடவை போய்ப் பார்த்தேன்.

மாதக் கடைசிக்கு ஒரு வாரம் இருக்கும்போது அலுவலகத்துக்குப் போனேன். அங்கே எழுத்து வேலைகளைப் பார்த்தவர் ஒரு சார்ஜன்ட். என்னைவிட மூத்தவர், சிங்களவர். நாங்கள் பேசியதெல்லாம் சிங்களத்தில்தான். தம்பி என்பதற்கு அவர் மல்லி என்பார்.

“என்ன மல்லி, காய்ச்சலா?”

“இல்ல சேர்.”

“அப்போ ஏன் இப்படி வேர்க்குது?”

விஷயத்தைச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“இதுக்கா? வாரத்துக்கு ரெண்டு பேர் இதைத்தான் வந்து கேக்கிறாங்க. வெளியில போறதுக்கு முன்னாடி வேலை தேடாம, போய் வீட்டுல உக்காந்த பிறகா தேடுவ? சேவை முடிஞ்சதுன்னு தர்ற விடுகைப் புத்தகம் கடைசி நாள்தான் கைக்கு வரும். அதுவரைக்கும் இந்த லெட்டர்தான். கட்டளை அதிகாரி கையெழுத்து வெச்சுத் தருவார்.”

பத்து நாள் நான் சுமந்ததை அவர் பத்து நிமிடத்தில் தட்டச்சு செய்யத் தொடங்கிவிட்டார். சேர்ந்த தேதி, முடியும் தேதி, ஓட்டிய வண்டிகள். முதலாளி கேட்ட கடைசி வரிக்கு வந்ததும் என் கோப்பை எடுத்துப் புரட்டினார். விரல் ஓரிடத்தில் நின்றது.

“அஞ்சு நாள் இருக்கே.”

“ஆமா சேர்.”

“அப்போ ஒரு நாளும் இல்லன்னு எழுத முடியாது. ஒண்ணு, அந்தப் பேச்சையே விட்டுடலாம். இல்ல, உள்ளதை உள்ளபடி எழுதலாம். நீயே சொல்லு. நாளைக்கு வா.”

அவரே முடிவு செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வரியை விட்டால், கேட்டது எங்கே என்று முதலாளி கேட்பார். எழுதினால், அவர் பயந்த அதே விஷயம் முத்திரையோடு அவர் கைக்குப் போகும். மனைவிக்குப் போன் எடுத்தேன். அவள் பறித்த தேயிலைக் கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வந்துகொண்டிருந்தாள். பின்னால் பெண்கள் பேசும் சத்தம் கேட்டது.

“உள்ளதையே எழுதச் சொல்லுங்க,” என்றாள். “அந்த அஞ்சு நாளும் எங்க இருந்தீங்க? என் பக்கத்துலதானே பிள்ளைய ஆட்டிக்கிட்டு இருந்தீங்க. களவெடுக்கவா போனீங்க?”

“அவர் வேணான்னு சொல்லிட்டா?”

“சொன்னா சொல்லட்டும். பதுளையில வேற கடையா இல்ல?” பின்னால் கூப்பிட்ட யாருக்கோ வருகிறேன் என்றாள். பிறகு, “ஆனா அந்தக் கடை நல்ல கடைதாங்க,” என்றாள்.

மறுநாள், உள்ளபடியே எழுதுங்கள் என்று சார்ஜன்ட்டிடம் சொன்னேன். எழுதி முடித்து எனக்கு வாசித்தும் காட்டினார். சேவைக் காலத்தில் ஐந்து நாட்கள் அனுமதியின்றி வராதிருந்தார், காரணம் தெரிவிக்கவில்லை, தண்டனை நிறைவேற்றப்பட்டது, அதன் பின் குறை ஏதுமில்லை. அவ்வளவுதான். சிங்களம் எனக்குப் பேச்சில் ஓடும், வாசிப்பில் நொண்டும். ஆனாலும் ‘காரணம் தெரிவிக்கவில்லை’ என்ற இடம் மட்டும் பஸ்ஸில் எத்தனை தடவை விரித்தாலும் முதலில் கண்ணில் பட்டது.

கடைக்குப் போனபோது காலை பத்து மணி. பழைய டிரைவர் மாவு மூட்டைமேல் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடிதத்தை வாய்க்குள்ளேயே வாசித்தார். முதல் பாதிக்குத் தலையை ஆட்டினார். பிறகு ஆட்டம் நின்றது.

“அஞ்சு நாள் போகலையே தம்பி.”

“தப்புதாங்க முதலாளி.”

“தப்புன்னு இதுலயே எழுதியிருக்கு. ஏன்னு கேட்டேன்.”

நான் நிலத்தைப் பார்த்தேன். கடிதத்தை அவர் மடிக்கத் தொடங்கினார். மடிக்கும் அந்தச் சத்தம்தான் என்னை உலுக்கியது. மடித்துக் கையில் தந்துவிட்டால் முடிந்தது. பழைய டிரைவருக்குப் பிறகு வேறு யாரோ அந்த லொறியில் ஏறி என் வீட்டுக்குக் கீழே போவான்.

“மண் சரிஞ்சிருச்சுங்க,” என்றேன்.

மடிக்கும் கை நின்றது. “எங்க?”

“பசறைக்கும் லுணுகலைக்கும் நடுவுல. ஏழு வருசத்துக்கு முன்ன. பிள்ள பொறந்து ஒரு வாரம். லீவு முடிஞ்சு போகணும், வழியில்ல. போனும் வேல செய்யல.”

பழைய டிரைவர் டீக் கோப்பையைக் கீழே வைத்தார். “ஏன் தம்பி, பிபிலைப் பக்கமா சுத்திப் போயிருக்கலாமே? அந்தப் பக்கம் ஒண்ணும் சரியலையே.”

“சரியலண்ணே. ஆனா தண்ணி ரோட்டுக்கு மேல போச்சு. ரெண்டாம் நாள் நான் நடந்தே போய்ப் பாத்தேன். பாலத்துக்கிட்ட பஸ்ஸ எல்லாம் திருப்பி விட்டுக்கிட்டு இருந்தாங்க. அதுக்கு இந்தப் பக்கம் மரமும் விழுந்து கெடந்துச்சு. வந்த வழியே திரும்பிட்டேன்.”

அவர் என்னைப் பார்க்கவில்லை, முதலாளியைப் பார்த்தார்.

“சரியாத்தான் சொல்றாரு முதலாளி. லுணுகலைக்குச் சாமான் எறக்கப் போய் நான் மாட்டுன அதே மழை. நானும் அந்தப் பாலம் வரைக்கும் லொறியக் கொண்டு போயித்தான் திரும்புனேன். பேப்பர்ல அந்தப் பாலத்தப் பத்தி ஒரு வரி வரல. அங்க நின்னவனுக்குத்தான் தெரியும்.”

“எனக்கு ஞாபகம் இல்லையா? அஞ்சு நாளு லொறியக் காணோம்னு இந்த வாசல்லயே நின்னேன். வந்து பாத்தா, எறக்காத வெங்காயம் எல்லாம் மொளச்சுக் கெடந்துச்சு.” முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். “இதை ஏன் தம்பி அங்க சொல்லல? அவங்க கேக்கலையா?”

“கேட்டாங்க. தப்புதான்னு சொல்லிட்டேன்.”

டிரைவர் சிரித்துவிட்டார். “பெரட்டுக் களத்துப் பழக்கம் முதலாளி. நானும் தோட்டத்துலருந்து வந்தவன்தானே. லொறிக் கண்ணாடி ஒடஞ்சப்ப நான் வாயத் தொறந்தேனா?”

“அது நீ ஒடச்சதுதானே?”

“இல்ல முதலாளி. கொரங்கு.”

“இத்தன வருசம் சொல்லலையேடா.”

“ஏசி முடிச்சிட்டீங்க. அதுக்கப்புறம் சொல்லி என்ன பண்றது?”

முதலாளி அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கடிதத்தை மறுபடி விரித்து, பக்கத்துக் கடையில் பிரதி எடுத்து வரச் சொன்னார். பிரதியை அவர் வைத்துக்கொண்டு அசலை எனக்குத் தந்தார். “முடிச்ச மறுவாரமே வந்துருங்க. அங்க தர்ற விடுகைப் புத்தகத்தையும் கொண்டாங்க. இப்ப போய் வண்டியப் பாருங்க, இவர் காட்டுவார்.”

லொறியில் ஏறி உட்கார்ந்தோம். “மூணாவது கியர் கொஞ்சம் எடக்குப் பண்ணும், அமுக்கிப் போடணும்,” என்று டிரைவர் சொல்லிக்கொண்டே போனார். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். ஒன்றும் காதில் ஏறவில்லை. இறங்கியதும் பசித்தது. காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. கொத்துரொட்டி ஒன்று தின்றுவிட்டு இன்னொன்று வாங்கினேன்.

முகாமுக்குத் திரும்பி, அந்த ஐந்து நாட்களின் காரணத்தைச் சார்ஜன்ட்டிடம் சொன்னேன். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“அன்னைக்கே சொல்லியிருந்தா லீவா எழுதியிருப்பாங்களே மல்லி. இப்போ கோப்பை மாத்த முடியாது.”

“பரவாயில்ல சேர்,” என்றேன். உண்மையிலேயே பரவாயில்லாமல்தான் இருந்தது. கோப்பு அங்கேயே கிடக்கட்டும்.

ஆனாலும் மீதி நாட்களில் கவலைப்பட வேறு விஷயம் இல்லாமலா போகும்? விடுகைப் புத்தகம் பிந்துமோ, முதலாளி மனம் மாறுவாரோ, கட்டார் விசா கிடைக்காமல் பழைய டிரைவர் நின்றுவிடுவாரோ. ஒன்றும் நடக்கவில்லை. சொன்ன தேதியில் புத்தகம் கைக்கு வந்தது. அதைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, சட்டைக்குள் வைத்து, லுணுகலைக்குப் போய், மறுவாரம் பதுளைக்கு வந்தேன்.

முதலாளி வாசலில் நின்று மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார். புத்தகத்தை வாங்கி, பிரிக்காமலே மேசை லாச்சியில் போட்டார்.

“வாசிச்சுப் பாருங்க முதலாளி.”

“நீங்க வாசிச்சீங்களா?”

“வாசிச்சேங்க. நாலு தடவை.”

“அப்ப சரி,” என்று சாவியை நீட்டினார். “பசறைக்கு மாவு போகணும். பதினோரு மணிக்கு முன்ன எறக்கிருங்க, மழை வரும் போல இருக்கு.”