பங்கு கிடைத்த பிறகு

இறந்துபோன அப்பாவின் நஞ்சையில் தன் பங்கைச் சந்திரகலா கேட்டபோது அண்ணன் தணிகாசலம் கோபப்படவில்லை. "உனக்குத்தான் சீர் செஞ்சாச்சே கலா," என்று சிரித்தார்.

கல்யாணமாகிக் காக்களூரில் குடியிருந்த அவளுக்கு அங்கே பிளாஸ்டிக் மூடி செய்யும் கம்பெனியில் வேலை. புருஷன் அன்புசெல்வன் கும்மிடிப்பூண்டியில் லோடு இறக்கும்போது முதுகு உடைந்து படுத்த பிறகுதான் அவளுக்கு நிலத்தின் நினைப்பே வந்தது. மறுபடி கேட்டாள். அண்ணன் மறுபடி சிரித்தார். திருவள்ளூர் கோர்ட்டில் வழக்குப் போட்டாள்.

கடம்பத்தூர் பக்கத்தில் அவள் பிறந்த ஊரில், பெண்ணுக்கும் சமபங்கு உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

தீர்ப்பு அவள் பக்கம் வந்தது. தணிகாசலம் அப்பீல் போகவில்லை. சர்வேயர் வந்த அன்று தானே நின்று எல்லைக்கல் நட்டுக் கொடுத்தார். அன்றோடு பேச்சு நின்றது. ஊரில் எந்த டிராக்டரும் அவள் வயலில் இறங்கவில்லை. "நாளிக்குப் பாக்கலாம்க்கா" என்றார்கள். முடியாது என்று ஒருவரும் சொல்லவில்லை.

ஒருநாள் காலை கம்பெனி வாசலில் பிறந்த ஊர்க்காரி ஆரோக்கியமேரி அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னா கலா, பூ வச்சிக்கினு வந்துகிற? அம்மா சாவுக்குக்கூட வரலியே நீ?"

அம்மாவை எரித்து, பால் தெளித்து, எல்லாம் முடிந்திருந்தது.

சந்திரகலா அப்படியே பஸ் ஏறி அண்ணன் வீட்டுக்குப் போனாள். தணிகாசலம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை.

"ஒரு வார்த்த சொல்லக் கூடாதாண்ணா? அம்மா மொகத்தக்கூட..."

"சட்டப்படி உன் பங்கக் குடுத்துட்டேன். சாவு சொல்லி அனுப்பணும்னு தீர்ப்புல எழுதிக்குதா? இருந்தா காட்டு, தப்புன்னு ஒத்துக்கறேன்."

குழம்பு ஊற்ற வந்த அண்ணி சொன்னாள்: "உன் பேரச் சொல்லிக்கினேதான் உசுரு போச்சு."

சில மாதம் கழித்து, பாகப்பிரிவினை வழக்கில் ஜெயித்த பெண்களைத் தேடிச் சென்னையிலிருந்து பாக்கியநாதன் அவள் கம்பெனிக்கே வந்தார். சட்டச் சமூகவியல் ஆராய்ச்சியாளர்.

"சட்டம் கோர்ட்ல மட்டும் இல்லம்மா, ஜனங்க பழக்கத்துலதான் உயிரோட இருக்குன்னு அந்தக் காலத்து அறிஞர்கள் எழுதினாங்க. சட்டம்னா ஜனங்க மனசுல என்ன தோணுதுன்னு இப்ப நாங்க கேக்குறோம். ரெண்டும் ஒண்ணா வேறயான்னுதான் என் ஆராய்ச்சி. உங்க ஊர்ல சட்டத்தை மதிக்கிறாங்களா?"

"ரொம்ப மதிக்கிறாங்க சார்." அம்மா செத்ததையும் அண்ணன் சொன்னதையும் அவள் சொன்னாள்.

பாக்கியநாதனின் முகம் மலர்ந்தது. "இதத்தான் தேடிட்டிருந்தேன்!" என்று போனை அவள் வாயருகே நீட்டினார். "மெஷின் சத்தத்துல சரியா பதியல. அம்மா இறந்ததை மட்டும் இன்னொரு தடவ சொல்லுங்க."

சொன்னாள்.

அந்த வாரமே அண்ணனிடம் போய், நிலத்தைத் திருப்பி எழுதித் தருவதாகச் சொன்னாள். பழையபடி பேசினால் போதும் என்றாள்.

"கோர்ட்டு குடுத்தத நான் எப்படி வாங்கறது?" என்றார் தணிகாசலம். "அங்கியே போய்க் குடு."

அவள் வயலில் இப்போது சீமைக்கருவேலம் ஆளுயரம் நிற்கிறது. பாசனத் தண்ணீரில் அவளுக்குரிய முறைநாளில் தணிகாசலம் தவறாமல் மடையைத் திறந்து, அந்த முள்ளுக்குத் தண்ணீர் விடுகிறார்.