உலைக்கு முன் எடுக்கும் பிடி

முதலில் காட்டிக்கொடுத்தது ஷூதான். ஞாயிறு ஆராதனைக்குக் கிளம்பும்போது வலது கால் உள்ளே போகவே மாட்டேன் என்றது. லிங்கராஜபுரத்தில் நாளெல்லாம் கடையில் நிற்கிற கால், வீங்காமல் என்ன செய்யும் என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனேன். அடுத்து முகமும் வீங்கியது. ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) எகிறிக் கிடந்தது. இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டன என்றார் டாக்டர்.

அதன்பின் திங்கள், புதன், வெள்ளி மூன்றும் டயாலிசிஸுக்கு (இயந்திரத்தால் ரத்தத்தைச் சுத்தம் செய்வது) என்று ஆகிவிட்டன. தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும். நானோ ஒரு சொம்பை ஒரே மூச்சில் குடிக்கிறவன். எரிச்சலில் வீட்டில் எல்லோர் மேலும் பாய்ந்தேன். இதைப் படிக்கிற நோயாளிகளே, நீங்களும் பாய்வீர்கள். உடனே மன்னிப்புக் கேட்டுவிடுங்கள், தூக்கமாவது வரும்.

என் மனைவி ஸ்டெல்லா தன் சிறுநீரகம் ஒன்றைத் தருவதாகச் சொன்னாள். அவள் ஓ குரூப், நான் ஏ. ஓ எவருக்கும் கொடுக்கலாம். கிராஸ்மேட்ச்சும் (என் ரத்தம் அவள் அணுக்களை எதிர்க்கிறதா என்று பார்க்கும் சோதனை) சரியாக வந்தது. நான் சும்மா இருப்பேனா? அந்த ஞாயிறே சபையில் எழுந்து சாட்சி சொன்னேன், ஸ்தோத்திரக் காணிக்கையும் போட்டேன். சபையே கை தட்டியது.

என் பக்கத்துப் படுக்கையில் முருகேசன். ஜீவனஹள்ளியில் ஆட்டோ ஓட்டுகிறவர். நாங்கள் மெஷினில் கிடக்கும்போது அவர் மனைவி செல்வியும் ஸ்டெல்லாவும் வராந்தா பெஞ்சில் சாப்பாட்டைப் பகிர்ந்துகொண்டிருப்பார்கள். செல்வியும் கொடுக்கத் தயார்தான். ஆனால் அவர் ஏ, முருகேசன் ஓ. சேராது. கொடுக்க வேறு சொந்தமும் இல்லை.

ஒரு நாள் நான் மெஷினில் கிடக்கும்போது ஸ்டெல்லா வேகமாக உள்ளே வந்தாள். நான் ஓட முடியாத நேரம் பார்த்துத்தான் வந்தாள் என்று இப்போதும் நினைக்கிறேன்.

“என்னங்க, என்னோடது முருகேசன் அண்ணனுக்கு, செல்வியோடது உங்களுக்கு. டாக்டர்கிட்ட கேட்டுட்டேன், மாத்திக்கலாமாம். ரெண்டு பேருமே பொழைச்சுக்கலாம்!”

“பைத்தியமா உனக்கு? எனக்குன்னு வந்த கிட்னி அது. சபையில வேற சொல்லியாச்சு!”

“இன்னும் என் வயித்துக்குள்ளதான் இருக்கு.”

எனக்கு உண்மையிலேயே பயம். கைக்கு வந்ததை விட்டுவிட்டு, செல்வியோடது எனக்குப் பொருந்தாமல் போனால்? கடைசி நேரத்தில் அவர் மனம் மாறினால்? “முதல்ல நான் பொழைச்சுக்கறேன். அப்புறம் அவங்களுக்காக எவ்வளவு வேணா ஜெபம் பண்றேன்” என்றேன்.

எங்கள் வீட்டில் சோறு வைக்குமுன் ஒரு பிடி அரிசி எடுத்துச் சபைக்கென்று டப்பாவில் போடுவோம். பிடியரிசிக் காணிக்கை. ஸ்டெல்லா அதைத்தான் கேட்டாள்.

“பிடியரிசி எப்பங்க எடுக்கறோம்? உலையில போடறதுக்கு முன்னாடியா, சாப்பிட்டு மிச்சம் இருந்தாவா?”

நான் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டேன். பக்கத்துப் படுக்கையில் முருகேசன் தூங்குகிற மாதிரி பாவனை செய்துகொண்டிருந்தார். இமை மட்டும் துடித்தது. அதைப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை. “சரிம்மா” என்றேன்.

செல்வியோடது எனக்குப் பொருந்தியது! உறுப்பு மாற்றுக்கு அனுமதி தரும் குழுவினர் ஸ்டெல்லாவைத் தனியாகக் கூப்பிட்டு, யாராவது வற்புறுத்தினார்களா என்று கேட்டார்களாம். “எங்க வீட்டுக்காரரைக் கேளுங்க சார், யாரு யாரை வற்புறுத்தினதுன்னு” என்றாளாம்.

நால்வருக்கும் ஒரே நாளில் அறுவை சிகிச்சை. மயக்கம் தெளிந்ததும் நான் கேட்டது, “செல்வி குடுத்துட்டாங்களா?” கன்னடக்கார நர்ஸ் சிரித்துக்கொண்டே குழாயில் தொங்கிய பையைத் தூக்கிக் காட்டினார். மஞ்சளாகச் சிறுநீர் நிறைந்துகொண்டிருந்தது. “நோடி சார், நோடி! பாருங்க, ஜோரா வருது!”

அல்லேலூயா என்று கத்தினேன். தையல் சுண்டி இழுத்தது, இழுத்தால் இழுக்கட்டும்! மறுநாள் முருகேசன் போனில் அழைத்தார். “அண்ணா, எனக்கும் வருதுண்ணா!” இருவரும் அழுதோம், சிரித்தோம்.

தடுப்பு மாத்திரைகள் (புது உறுப்பை உடம்பு தள்ளிவிடாமல் காப்பவை) ஆயுள் முழுக்க உண்டு. இருக்கட்டும். இப்போது ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்கிறேன். அடிவயிற்றின் வலப்பக்கம் கை வைத்தால் லேசான மேடு தட்டுப்படும். என் உடம்பு என்று முன்போல் சட்டென்று சொல்ல வருவதில்லை. செல்வி போனில் மிரட்டியிருக்கிறார்: “வெள்ளிக்கிழமை மட்டும் கறி வேணாம்ணா. என்னோடதுக்குப் பழக்கம் இல்ல.” மெஷினுக்குப் போன வெள்ளி, இப்போது எங்கள் வீட்டில் சாம்பார் நாள்.

உலை வைக்குமுன் பிடியரிசி எடுப்பது இப்போது நான்தான். ஸ்டெல்லாவின் கையைவிட என் கை பெரியது.