தறிக்குழியில் வைத்த ஸ்பீக்கர்

பேய், பிசாசு, காற்று, கருப்பு என்று யாராவது என்னிடம் பேச்செடுத்தால், முதலில் எர்த் ஒழுங்காக இருக்கிறதா பாருங்கள் என்றுதான் சொல்லுவேன். ரேடியோ ரிப்பேர்க்காரன் புத்தி அவ்வளவுதான். தானாகப் பேசிய ரேடியோ, தொட்டால் உறுமிய பெட்டி, ஆளில்லாத அறையில் பாடிய செட் என்று எத்தனையோ என் கடைக்கு வந்திருக்கின்றன, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு காய்ந்த கண்டென்சரோ அறுந்த ஒயரோ இருந்தது. அதனால் இப்போது நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் பாதியிலேயே எழுந்து போயிருப்பேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் கடை வைத்திருந்தேன், வீடு ஓரிக்கையில். தெருவெல்லாம் தறி ஓடும், ஒரு செட்டைச் சரி செய்துவிட்டு அதன் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்க வேண்டுமென்றால் தறிகள் ஓயும்வரை காத்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட தெருவில் ஏகாம்பரம் என்று ஒரு நெசவாளி வீட்டுக்கு ஸ்டீரியோ செட் வந்தது. அவர் நெய்து கொடுக்கும் ஜவுளிக்கடை முதலாளி புதிது வாங்கிக்கொண்டு, பழையதை இவருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். வால்வு போட்ட ஆம்ப்ளிஃபையர், கனமான ரெக்கார்டு பிளேயர், தேக்குப் பெட்டியில் இரண்டு ஸ்பீக்கர். அதைப் பார்த்ததும் எனக்கு வாயில் எச்சில் ஊறியது, பொய் சொல்லவில்லை.

கூடவே ஒரே ஒரு எல்.பி. ரெக்கார்டு. மூர் மார்க்கெட்டில் யாரோ பழைய சாமான்களோடு வாங்கியதாம், நடுவில் ஒட்டியிருந்த லேபிள் பாதி கிழிந்து போயிருந்தது, யார் வாசித்தது என்று தெரியவில்லை. நாதஸ்வரமும் தவிலும். நம் கோயில்களில் கேட்கிற எதுவும் இல்லை, என்ன ராகம் என்று எனக்குத் தெரிந்த நாதஸ்வரக்காரரிடம் கேட்டேன், அவரும் உதட்டைப் பிதுக்கினார். தவில் மட்டும் விளம்பமாக, அதாவது நிதானமாக, ஒரே சீராகப் போகும்.

ஏகாம்பரம் அண்ணன் நல்லவர், ஆனால் கை சும்மா இருக்காது. ரெக்கார்டில் தூசி இருக்கிறதே என்று, தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்குக் கஞ்சி போடும் பிரஷ்ஷாலேயே அதைத் துடைத்து வைத்துவிட்டார். பட்டு நூல் மினுங்குகிற மாதிரி இதுவும் மினுங்கும் என்று நினைத்தாராம். கோட்டுக்குக் கோடு கஞ்சி காய்ந்து, முள் வைத்தால் கறகறவென்று அரிசி புடைக்கிற சத்தம். நான் தலையில் அடித்துக்கொண்டேன். பிறகு அவர்கள் பட்டு அலசும் பூந்திக்கொட்டைத் தண்ணீரிலேயே ஊறவைத்து, மெல்லிய துணியால் கோட்டின் போக்கிலேயே ஒற்றி ஒற்றி எடுத்தேன். அவ்வளவு சுத்தமாக அதற்கு முன்பு எந்த ரெக்கார்டையும் நான் கேட்டதில்லை.

ஆனால் தறி வீட்டில் பிளேயர் வைப்பது லேசுப்பட்ட வேலையா? ஒவ்வொரு அடிக்கும் தரை அதிரும், முள் எகிறிக் குதிக்கும். சில பேர் முள்ளின் தலையில் காசு வைப்பார்கள், அது ரெக்கார்டை உழுதுவிடும், எனக்குப் பிடிக்காது. கடைசியில் தறியில் வீணாகும் பட்டு நூலை முறுக்கிக் கயிறாக்கி, உத்தரத்திலிருந்து ஒரு பலகையைத் தொங்கவிட்டு அதன்மேல் பிளேயரை உட்கார வைத்தோம். தட்டில் தண்ணீர் ஊற்றி வைத்து மட்டம் பார்த்தேன். பட்டு அத்தனை அதிர்வையும் விழுங்கிவிட்டது. அந்தக் கயிற்று யோசனை என்னுடையது இல்லை, அந்த வீட்டு அம்மாவுடையது. அவரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

தனபாக்கியம், ஏகாம்பரத்தின் மனைவி. நான் அக்கா என்று கூப்பிடுவேன், அவருக்குக் கேட்காது. கல்யாணமாகிச் சில வருடங்களில் நெஞ்சு நோய்க்குப் போட்ட ஊசியில் காது சுத்தமாகப் போய்விட்டது. வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொண்டு, கொஞ்சம் உரக்கப் பதில் சொல்லுவார். முகத்தில் வருத்தமே இருக்காது, கிண்டல்தான் இருக்கும்.

அந்த வீட்டில் கோர்வைப் புடவை நெய்வார்கள். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம், இரண்டையும் இழைக்கு இழை கோர்த்துக்கொண்டே போக வேண்டும், அதற்கு ஒரு தறிக்கு இரண்டு ஆள் வேண்டும். குறுக்கு இழையை இழுத்துக்கொண்டு ஓடும் கட்டைக்கு நாடா என்று பேர், அண்ணன் உடல் நாடாவைத் தள்ளுவார், வலது பக்கம் உட்கார்ந்து அக்கா கரை நாடாவைத் தள்ளுவார். இரண்டும் சேரும் இடத்தில் கண் இருக்க வேண்டும், அதனால் துணை ஆள் நெய்கிறவர் கையைப் பார்க்க முடியாது, சத்தத்தை வைத்துத்தான் கை போகும். காது போனபின் அக்காவின் கை ஒரு நொடி முந்தும், ஒரு நொடி பிந்தும், கோர்வையில் சின்னச் சின்னச் சந்து விழும். கடையிலிருந்து புடவை திரும்பி வந்தது. ஏகாம்பரத்தோடு கூடப் பிறந்த மூத்தவர் சுப்பராயன்தான் அந்த வீட்டுத் தறிகளுக்கெல்லாம் பெரிய தலை. அக்காவை எழுப்பிவிட்டுத் தன் மருமகளை அந்த இடத்தில் உட்கார வைக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார்.

"தறியாண்ட உக்காராம நான் இன்னா பண்றது? சோத்தப் பாத்துக்கினு உக்கார்றதா?" என்று அக்கா என்னிடம் ஒரு நாள் கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார், ஆனால் கண் சிரிக்கவில்லை.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அந்த ரெக்கார்டில் நாதஸ்வரம் முழுக்க இடது ஸ்பீக்கரில் வரும், தவில் முழுக்க வலதில் வரும், அந்தக் கால ஸ்டீரியோவில் அப்படிப் பிரித்தே போட்டிருப்பார்கள். இடது பெட்டியை அலமாரியில் வைத்தேன். வலது பெட்டியை, நெய்கிறவர்கள் கால் தொங்கவிட்டு உட்காரும் தறிக்குழிக்குள் இறக்கி, மேலே ஒரு பலகை போட்டு, அக்காவின் பாதம் அதில் படும்படி வைத்தேன். அண்ணன் காதால் கேட்டு நெய்வார், அக்கா காலால் கேட்டு நெய்வார், இரண்டு பேருக்கும் ஒரே தவில்.

சுப்பராயன் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாபா இது, குழியில பொட்டிய எறக்கிக்கினு இருக்குற, கச்சேரியா நடத்துறீங்க?" என்றார். அக்கா பலகையில் காலை வைத்தார். தவில் தொடங்கியது. அவர் முகம் மலர்ந்ததை நான் என்னவென்று சொல்ல. கொஞ்ச நாளில் கை சேர்ந்துவிட்டது, நெய்த துணியை விளக்கில் பிடித்துப் பார்த்தால் சந்து தெரியவில்லை. அந்த விரல்களை நான் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்திருக்கிறேன். என் கையில் அந்த நிதானம் இருந்திருந்தால் மெட்ராஸிலேயே பெரிய கடை வைத்திருப்பேன்.

ஆனாலும் பெரியவருக்கு நம்பிக்கை வரவில்லை. முகூர்த்தப் புடவை ஒன்று தறியில் ஏறியது. "நான் பக்கத்துல குந்திக்கினு பாப்பேன். ஒரு எடத்துல வுட்டுப்போச்சுன்னா என் மருமவ உக்காருவா, அப்புறம் யாரும் பேசக்கூடாது" என்று சொல்லிவிட்டார்.

அன்றைக்கு ஐப்பசி மழை. பொழுது சாய்வதற்கு முன்பே இருட்டிவிட்டது. டியூப்லைட் எரிந்தது, ஆனால் மழைக்காலத்தில் கரண்ட்டை யார் நம்புவார், தறிக்கு மேலே ஒரு லாந்தரையும் ஏற்றித் தொங்கவிட்டிருந்தார்கள். சுப்பராயன் முக்காலி போட்டு உட்கார்ந்தார். நான் பிளேயர் பக்கத்தில் நின்றேன்.

இங்கே ஒரு விஷயம் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். அந்த பிளேயரின் சுழலும் தட்டுக்கு விளிம்பில் வரிசையாகப் புள்ளிகள் இருக்கும், வேகம் சரிபார்க்க. கரண்ட் விளக்கு நம் கண்ணுக்குத் தெரியாமல் மின்னி மின்னி எரிவதால், தட்டு சரியான வேகத்தில் சுற்றினால் அந்தப் புள்ளிகள் அசையாமல் நிற்பது போலத் தோன்றும். லாந்தர் வெளிச்சத்தில் அந்த வித்தை நடக்காது, புள்ளிகள் ஓடிக் கலந்து ஒரு சாம்பல் பட்டையாகத்தான் தெரியும். இது நம்பிக்கை இல்லை, கணக்கு.

ரெக்கார்டு ஓட ஆரம்பித்து, தறி நல்ல ஓட்டத்தில் இருக்கும்போது கரண்ட் போய்விட்டது. டியூப்லைட் அணைந்தது, வால்வுகளின் சிவப்பு மங்கியது, நாதஸ்வரம் இழுத்துக்கொண்டே அடங்கியது. எனக்கு உயிரே போய்விட்டது. கரண்ட் திரும்பி வரும்போது ஓங்கி வந்து வால்வை அடித்துவிடும் என்பதால், பழக்கத்தில் பிளக்கைப் பிடுங்கி ஒயரைத் தோளில் போட்டுக்கொண்டேன். பிறகு தறியைப் பார்த்தேன், நின்றிருக்கும் என்றுதான் பார்த்தேன்.

நிற்கவில்லை. அக்காவின் கை போய்க்கொண்டே இருந்தது, அதே நிதானம், அதே அடி. தடுமாறியது அண்ணன்தான். அவருக்குப் பாட்டு இல்லை. ஒரு கணம் திகைத்தவர், அக்காவின் கையைப் பார்த்தார், அதைப் பார்த்துக்கொண்டே தன் நாடாவைத் தள்ள ஆரம்பித்தார். அத்தனை நாள் அந்தம்மா அவரைத் தொடர்ந்தார், அன்றைக்கு அவர் அந்தம்மாவைத் தொடர்ந்தார்.

சரி, பழகின கை, பாட்டில்லாமலும் போகும் என்று நீங்கள் சொல்லலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன், சந்தோஷமாக பிளேயர் பக்கம் திரும்பி முள்ளைத் தூக்கக் கையை நீட்டினேன். தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. கனமான தட்டு, கரண்ட் போனபின் கொஞ்சம் சுற்றும், பிறகு நின்றுவிடும். இது நிற்கவில்லை. கிழிந்த லேபிள் சுற்றிச் சுற்றி வருகிறது, முள் உள்நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது, பிளக் என் தோளில் தொங்குகிறது. குனிந்து விளிம்பைப் பார்த்தேன். லாந்தர் வெளிச்சத்தில், நம்பினால் நம்புங்கள், அந்தப் புள்ளிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக, துளிகூட அசையாமல் நின்றன.

முள்ளைத் தொடக் கை வரவில்லை. அலமாரி ஸ்பீக்கரில் காதை வைத்தேன், ஒன்றுமில்லை. வெளியே மழை, உள்ளே தறிச் சத்தம், அவ்வளவுதான். யாரிடமும் சொல்லவும் முடியாது, சொன்னால் தறி நின்றுவிடும், அக்காவின் இடம் போய்விடும். அதனால் வாயை மூடிக்கொண்டு அப்படியே நின்றேன்.

சுப்பராயன் பிளேயர் பக்கம் திரும்பவே இல்லை. எழுந்து வந்து, லாந்தரை நெய்த துணிமேல் தாழ்த்திப் பிடித்துப் பார்த்தார், விரலால் கோர்வையைத் தடவினார். "கரண்டு பூட்டுது, கை நிக்கலியே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு தம்பியிடம், "அவளே உக்காரட்டும்பா" என்றார், குடையை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போய்விட்டார். அண்ணன் தோள் துண்டிலேயே கண்ணை ஒற்றிக்கொண்டார், ஆனால் அக்கா நெய்வதை நிறுத்தவில்லை, அவரும் நிறுத்தவில்லை.

சிறிது நேரத்தில் டியூப்லைட் கண் சிமிட்டிக்கொண்டு எரிந்தது. தட்டு மெதுவாகி, நின்றது, முள் ரெக்கார்டின் பாதியில் எந்தக் கோட்டில் நின்றது என்று பார்த்து வைத்துக்கொண்டேன். பிளக் இன்னும் என் தோளில்தான் இருந்தது. அதே நொடியில் அக்காவின் கையும் நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார், நல்ல கோபம்.

"ஏம்பா நிறுத்திட்ட?"

பிளக்கைத் தூக்கிக் காட்டி, கரண்ட் போய் எவ்வளவு நேரம் ஆயிற்று, உங்களுக்குத் தெரியவில்லையா என்று வாயசைத்துக் கேட்டேன்.

"வெளக்கு போச்சு, தெரியாதா இன்னா? பாட்டு போவலியே" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "காலுல இல்லபா. காதுல கேட்டுது" என்றார்.

அண்ணன் சிரித்தார், சந்தோஷத்தில் உளறுகிறாள் என்று நினைத்தார். நானும் அப்படியே நினைத்திருப்பேன். ஆனால் அக்கா கண்ணை மூடிக்கொண்டு, தன் சத்தம் தனக்கே கேட்காத அந்தக் குரலில் முணுமுணுக்க ஆரம்பித்தார். அந்த ரெக்கார்டின் நாதஸ்வரம். ஏற்றம், இறக்கம், இழுத்து நிறுத்துகிற இடம் எல்லாம் அப்படியே. அவர் காலடியில் நான் வைத்திருந்த பெட்டியில் தவிலைத் தவிர எதுவும் வராது, ஒயர் இழுத்தவன் நான். அந்த ரெக்கார்டு அந்த வீட்டுக்குள் வருவதற்கு வெகுகாலம் முன்பே அவருக்குக் காது போய்விட்டது. அண்ணனின் சிரிப்பு நின்றது. நான் பிளேயர் தொங்கிய கயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அக்கா பல தடவை கேட்டார். "அன்னிக்கு வெச்ச மாதிரி இன்னொரு தபா வையிபா." நானும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, லாந்தரை ஏற்றி வைத்து, அவரோடு உட்கார்ந்து பார்த்தேன். தட்டு நின்றுவிடும். கையால் சுற்றிவிட்டால் புள்ளிகள் சாம்பல் பட்டையாக ஓடும். எந்த ஒயரை எங்கே சேர்த்தால் அது வரும் என்று எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். "பரவால்லபா, ஒரு தபா கேட்டுதே" என்று என்னைத் தேற்றியது அந்தம்மாதான்.

கடைசிவரை அந்தத் தறியில் அவர்தான் வலது பக்கம் உட்கார்ந்தார். நெய்யும்போது அந்தப் பாட்டை முணுமுணுப்பார், தெருவில் போகிறவர்களுக்கே பழகிப்போனது. ஆனால் பாதியில் ஒரு இடம் வந்ததும் நிறுத்திவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். ஒரு நாள் ரெக்கார்டைப் போட்டு, அவர் நிறுத்தும் இடத்தில் முள்ளைத் தூக்கிப் பார்த்தேன். அன்றைக்குத் தட்டு நின்றபோது முள் நின்ற அதே கோடு. அதற்கு மேலே பாட்டு இன்னும் எவ்வளவோ இருக்கிறது, அது அவருக்குத் தெரியவே இல்லை.